துவக்குச் சங்கத்தின் கடிதக்காரன்

ஆனந்தராசா தன் வாழ்நாளில் ஒரு துவக்கையும் எடுத்துச் சுட்டதில்லை. ஆனாலும் 1985-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்கக் குடிமக்கள் துவக்கு வைத்திருக்கும் உரிமையைக் காக்கச் சொல்லி, அந்த நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்களை எழுதியவன் அவன். துபாயில், தேராப் பக்கம், எண்ணெய்க் கிணறு தோண்டும் கருவிகளை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கம்பனியின் இரண்டாம் மாடியில் இருந்து எழுதினான். அவற்றில் ஒன்றிலும் அவன் பெயர் இல்லை.

அவன் கதையை அவனுடைய தகப்பன் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து சொல்வதுதான் பொருத்தம். சிவகொழுந்து யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் காணி இல்லாத குடும்பத்தில் பிறந்தவர். வன்னியில் குளத்துக்குக் கீழே காடு வெட்டி வயல் செய்ய ஆட்களைக் குடியேற்றிய காலத்தில், மனைவி செல்லத்தைக் கூட்டிக்கொண்டு முத்தையன்கட்டுக்குப் போனார். நெல்லும் மிளகாயும் நன்றாகத்தான் விளைந்தன. விளைந்ததைக் காட்டுப்பன்றி கிண்டியது. பன்றிக்காக ஒரு சொட்கன் வாங்க விண்ணப்பம் கொடுத்தார். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் கைநாட்டு வைக்கப் போனவரைப் பார்த்து, "பெருவிரலைக் காட்டியோ துவக்குக் கேக்க வந்தனி?" என்று கிளாக்கர் சிரித்தாராம். மனுசன் வீடு திரும்பி, ஒரு வாரம் செல்லத்திடம் உட்கார்ந்து தன் பெயரை எழுதப் பழகிக்கொண்டு மறுபடி போனார். அவர் எழுதக் கற்ற ஒரே சொல் அதுதான். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் லைசனைப் புதுப்பித்தார். கடதாசி சரியாக இருந்தால் ஒருத்தரும் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவருடைய அசைக்க முடியாத எண்ணம். மூத்தவன் ஆனந்தராசாவைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்ததும் அந்த எண்ணத்தினால்தான்.

ஆனந்தராசா பொருளியலில் பட்டம் எடுத்தான். குடியேற்றத் திட்டத்திலேயே முதல் பட்டதாரி. பட்டம் எடுத்தபின் மூன்று வருடம் வேலை இல்லாமல் இருந்தான். கடைசியில் அவனுக்குச் சோறு போட்டது, சும்மா இருந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் பழகிய தட்டச்சுத்தான். 1984-இல் ஓர் ஏஜென்ட் மூலம் துபாய்க்கு வந்தான். கராமாவில் ஆறு பேர் இருக்கும் ஓர் அறையில் ஒரு கட்டில். அலுவலகத்தில் கிளார்க் கம் டைப்பிஸ்ட். ஊரில் அவனைக் காட்டிச் சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார்கள். அவனோ, தான் படித்தது எதற்காக என்று ஒவ்வொரு மாதமும் ஒரு தடவையாவது தன்னைத் தானே கேட்டுக்கொண்டான்.

அவனுடைய மேலாளர் ஹாலிஸ் டெக்ஸாஸ்காரர். ஐம்பது வயது கடந்த, கதவு நிறைந்த ஆள். குணத்தில் குறை சொல்ல முடியாது. கையெழுத்துப் போடும்போதுகூட நன்றி சொல்வார். ஆனந்தராசா என்று நீட்டிச் சொல்ல வராததால் "ஆண்டி" என்று கூப்பிட்டார். தமிழில் அதற்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியாது. அவருடைய சுவரில் மான் படம் போட்ட ஒரு நாட்காட்டி தொங்கியது. துவக்கு வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று உறுப்பினர்களுக்கு அனுப்பியது அது. அந்தச் சங்கத்தின் செய்தி மடலும் மாதந்தோறும் வரும். அந்த ஆண்டு அமெரிக்காவில் துவக்குச் சட்டங்களைத் தளர்த்தும் மசோதா ஒன்று விவாதத்தில் இருந்தது. உங்கள் உறுப்பினருக்கு எழுதுங்கள், உடனே எழுதுங்கள் என்று மடல் ஒவ்வொரு பக்கத்திலும் கத்தியது.

கடலிலும் பாலைவனத்திலும் கம்பனியின் சைட்டுகளில் முப்பது அமெரிக்கர்கள் வேலை செய்தார்கள். எல்லோருக்கும் துவக்கில் பிரியம்; ஒருத்தருக்கும் எழுதப் பிரியமில்லை. ஹாலிஸ் ஆனந்தராசாவைக் கூப்பிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் ஏறத்தாழ இப்படி வரும்:

"ஆண்டி, ஒரே மாதிரி அச்சடித்த அட்டை போனால் குப்பைக் கூடைக்குப் போகும். முப்பது கடிதமும் முப்பது மாதிரி இருக்க வேண்டும். சாப்பிட்டு எழுந்தவன் கோபம் தாங்காமல் மேசை முன் குந்தி எழுதினது போல இருக்க வேண்டும். முடியுமா?"

முடிந்தது. தன்னிடம் அப்படியொரு திறமை இருப்பது அவனுக்கே ஆச்சரியம். வெல்டிங் வேலைக்காரனுக்கு மூன்று சொல்லில் முடியும் வாக்கியங்கள். கிரேன் ஓட்டுபவனுக்கு, பொலிஸ் நிலையம் நாற்பது மைலுக்கு அப்பால் இருக்க, தனியே பண்ணையில் இருக்கும் மனைவி. இன்னொருவனுக்கு வேட்டைக்குக் கூட்டிப்போன தகப்பன். எழுத்துப்பிழை விடுகிறவனுக்கு அளவாக இரண்டு பிழை. ஆட்கள் சம்பள நாளில் வந்து வாசித்துப் பார்த்துவிட்டு, "இது நானேதான்" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்கள். கடிதங்கள் கம்பனித் தபால் பையில் ஹூஸ்டனுக்குப் போயின. ஆறு வாரத்தில் பதில்கள் வந்தன. தடித்த வெள்ளைத் தாள், நீல மைக் கையெழுத்து, உங்கள் கவலையை நானும் பகிர்ந்துகொள்கிறேன் என்ற வரி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கராமா அறையில் இதுதான் பேச்சு. அறையில் மூத்தவரான செய்கு அலாவுதீன் கீழக்கரைக்காரர், நாயிஃப் சூக்கில் ஜவுளிக்கடையில் இருபது வருட அனுபவம். முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் தன் ஊர் வழக்கப்படி ஆனந்தராசா அவரை நானா என்பான். "எங்க ஊருல காக்கான்னு சொல்லணும்ப்பா" என்று முதல் வாரம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

"யாருக்கு எழுதுறீக? காங்கிரஸுக்கா?" என்றார், வெங்காயம் அரிந்துகொண்டே.

"அது அங்கத்தைய பார்லிமென்ட், நானா."

"நம்ம காங்கிரஸோன்னு பயந்துட்டேன். சரி, அந்தச் சங்கம் துப்பாக்கி வச்சிருக்கவனுக்கா, துப்பாக்கி விக்கிறவனுக்கா?"

"வச்சிருக்கிறவைக்குத்தான். லட்சக்கணக்கில உறுப்பினர் இருக்கினம்."

அலாவுதீன் கைகழுவிவிட்டு, ஆனந்தராசா கொண்டுவந்திருந்த மடலை வாங்கிப் புரட்டினார். ஆங்கிலம் அவருக்குக் கடைப்பலகை வாசிக்கும் அளவுக்குத்தான்.

"இந்தா பாருங்க. இதுல துப்பாக்கி விளம்பரம், இதுல தோட்டா விளம்பரம். பாதிப் பக்கம் இதுதான். எங்க ஜவுளிக்காரங்க சங்கமும் மனுப் போடும்ல, 'ஏழைக்கு மலிவா துணி கிடைக்கணும், வரியக் குறையுங்க'ன்னு. ஏழை எங்க வந்தான் அதுல?"

"ஆனா ஹாலிஸ் ஒண்டும் விக்கிறேல்ல. அந்தாள் உண்மையா நம்புது."

"நம்புற ஆளு இருந்தாத்தானே தம்பி வியாபாரம் நடக்கும்? நம்பாதவன் காசு குடுத்து ஆளு வைக்கணும். அது சரி, நீங்க நம்புறீகளா?"

ஆனந்தராசா மடலை வாங்கி மடித்தான். அவன் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். சங்கத்தின் நோக்கத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். தனக்கென்ன நோக்கம்? மேலாளருக்கு நல்ல பிள்ளையாக இருப்பது, அவ்வளவுதானா? கடிதங்களுக்குப் பதில் வரும்போது அவன் நெஞ்சு ஏன் நிமிர்ந்தது?

எப்படி இந்தக் கடிதங்கள் வேலை செய்கின்றன என்று ஒருநாள் ஹாலிஸையே கேட்டான். "நூறு பேரில் எழுபது பேர் துவக்குக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பார்கள்" என்றார் அவர். "ஆனால் வாக்குப் போடும் நாளில் அவர்களுக்கு அது ஞாபகம் இருக்காது. எங்கள் ஆட்கள் பத்துப் பேர்தான். அவர்கள் சாகும்வரை மறக்கமாட்டார்கள். உறுப்பினருக்கு எழுபது பேரைப் பற்றிக் கவலையில்லை. இந்தப் பத்துப் பேரைப் பற்றித்தான் பயம்."

நவம்பரில் வீட்டிலிருந்து கடிதம் வந்தது. அம்மாவின் எழுத்து, எப்போதையும்விடச் சாய்ந்திருந்தது.

நடந்தது இதுதான். அந்த வருடம் பங்குனியில் பொடியள் வந்திருக்கிறார்கள். பொடியள் என்றால் யார் என்று அந்த நாட்களில் ஒருவரும் கேட்பதில்லை. ஆயுதம் தூக்கிய இயக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊர் வைத்த பெயர் அதுதான். ஆங்கிலப் பத்திரிகையில்கூட அதே சொல்லை ஆங்கிலத்தில், 'த பாய்ஸ்' என்று போட்டார்கள். லைசன் துவக்கு யாரிடம் உண்டென்ற பட்டியலைக் கச்சேரியிலிருந்து பார்த்தெழுதி வைத்திருந்தார்கள். சிவகொழுந்து லைசனை எடுத்துக் காட்டினார். "லைசன் இருக்கிறபடியால்தான் ஐயா உங்களிட்ட வந்தனாங்கள்" என்றான் ஒருவன், மரியாதையாகவே. துவக்கை எடுத்துக்கொண்டு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள்: பன்னிரண்டு துளையளவுச் சொட்கன் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது, காலம் வரும்போது திருப்பித் தரப்படும். மேலே ஒரு முத்திரையும் இருந்தது. சிவகொழுந்து அந்தத் துண்டை லைசனோடு சேர்த்து, பொலித்தீன் பையில் போட்டு, பத்திரமாக வைத்தார்.

ஐப்பசியில் இராணுவம் அதே பட்டியலோடு வந்தது. துவக்கு எங்கே என்று கேட்டார்கள். சிவகொழுந்து ஓடவில்லை, பொய் சொல்லவும் இல்லை. பொலித்தீன் பையை எடுத்து வந்து, முத்திரை தெரியும்படி துண்டைப் பிரித்து, அதிகாரியின் கையில் கொடுத்தார். கடதாசி சரியாக இருந்ததல்லவா? அவரை அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஐயா எந்தக் காம்பில எண்டு ஒருத்தரும் சொல்லுகினமில்லை" என்று அம்மா எழுதியிருந்தாள். "தம்பி மகேசன் சோதனைக்குப் படிக்கிறான், அவனை வெளிய விடாமல் வைச்சிருக்கிறன். நீ படிச்சனி. ஆருக்கெண்டாலும் எழுது மோனை."

எழுதினான். பிரஜைகள் குழுவுக்கு, சட்டத்தரணிக்கு, அமைச்சுக்கு, வெளிநாட்டு மனித உரிமைக்காரர்களுக்கு. அவனுடைய சொந்தப் பெயரில், சொந்த ஆங்கிலத்தில், எத்தனையோ இரவுகள் யோசித்த வாக்கியங்களில். டிசம்பர் முடியும்வரை ஒரு வரி பதில் இல்லை. இன்னொரு பக்கம், அவன் பத்து நிமிடத்தில் உருவாக்கிய கிரேன்காரனின் மனைவிக்கு நீல மையில் பதில் வந்துகொண்டிருந்தது. தட்டச்சு இயந்திரம் ஒன்றே, விரல்கள் ஒன்றே. சில நாட்களில் கழிவறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஜனவரியில் ஹாலிஸின் அறைக் கதவைத் தட்டினான். ஐயாவுக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கினான். பட்டியல் என்ற சொல் வந்ததும் அவர் நிமிர்ந்தார்.

"பொறு. அரசாங்கத்தின் பட்டியல் திருடர்களின் கையில் இருந்ததா?"

"ஆம், சார்."

"பிறகு அதே பட்டியலோடு இராணுவம் வந்ததா?"

"ஆம், சார்."

ஹாலிஸ் எழுந்து நின்றார். "இதைத்தானே நாங்கள் இருபது வருடமாகச் சொல்கிறோம்! பதிவு செய், பட்டியல் போடு, பிறகு பட்டியலோடு வீட்டுக்கு வா! ஆண்டி, உன் அப்பாவுக்காக முப்பது கடிதம் போகும். எங்கள் உறுப்பினர்கள் தூதரகத்தைக் கேட்பார்கள், தூதரகம் உங்கள் ஆட்களைக் கேட்கும். நீ எழுது. சங்கத்து மடலுக்கும் இந்தக் கதையை அனுப்புகிறேன்."

அவருடைய கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. அதே கண்ணில் ஒரு வெளிச்சமும் இருந்தது. எது தன் ஐயாவுக்காக, எது பட்டியலுக்காக என்று பிரித்துப் பார்க்க ஆனந்தராசா முயலவில்லை. அதற்கெல்லாம் அப்போது வசதி இல்லை.

"அந்தாளுக்கு வேண்டியது ஒங்க வாப்பா இல்ல தம்பி, வாப்பாவோட கதை" என்றார் அலாவுதீன்.

"கதையை எடுத்துக்கொண்டு ஆளைத் தந்தால் போதும் நானா."

முப்பது கடிதம். இதுவரை எழுதியதெல்லாம் இதற்குப் பயிற்சி என்று தோன்றியது. ஆனால் ஓர் இடத்தில் விரல் நின்றது. துவக்கை எடுத்தவர்களை என்னவென்று எழுதுவது? பயங்கரவாதிகள் என்ற அரசாங்கத்தின் சொல்லைப் போட்டால் ஊரில் நாளைக்கு வேறு கேள்வி வரும். போராளிகள் என்ற மற்றச் சொல்லைப் போட்டால் கொழும்பில் கோப்பைத் திறக்கிறவன் ஐயாவை விடவே மாட்டான். ஹாலிஸ் அவர்களைத் திருடர்கள் என்றே நினைத்திருந்தார். கம்யூனிஸ்ட் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சிவக்கும் மனிதரிடம், பொடியள் சுவரில் எழுதும் வாசகங்களை எப்படி விளக்குவது? ஆகவே ஒரு கடிதத்தில் இனந்தெரியாத நபர்கள் என்று எழுதினான், இன்னொன்றில் ஆயுதம் தாங்கிய சிலர், வேறொன்றில் ஊர் இளைஞர்கள்.

பத்தொன்பதாவது கடிதம் கடலில் துளை போடும் ஒருவன் பெயரில் போக வேண்டியது. இனந்தெரியாத என்று சொல்லத் தெரியாத, நேராகப் பேசுகிற ஆள். காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த களைப்பில், ஊரில் எப்படிச் சொல்வோமோ அப்படியே விரல் ஆங்கிலத்தில் போட்டது: 'எங்கட பொடியள் துவக்கைக் கொண்டு போனார்கள்.'

கையெழுத்துக்குப் போகுமுன் ஹாலிஸ் வாசித்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆண்டி! எங்கள் பையன்கள் என்றால் அமெரிக்கச் சிப்பாய்கள் அல்லவா? அவர்கள் ஏன் உன் அப்பாவின் துவக்கைக் கொண்டு போகிறார்கள்?"

சிவப்புப் பேனாவால் 'எங்கள்' என்பதை வெட்டி, மேலே 'அவருடைய' என்று எழுதினார். அவருடைய பையன்கள். கதையை அவர் கவனிக்கவில்லை, இலக்கணத்தைத்தான் கவனித்தார். "சரிதானே?" என்றார்.

ஆனந்தராசா பார்த்தான். அவருடைய பையன்கள் என்றால் ஆங்கிலத்தில் அவர் பெற்ற பிள்ளைகள் என்றும் வரும். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் யாருடைய பையன்கள்? கீழே பையைக் கொண்டு போகும் டிரைவர் "ஜல்தி, பாய்" என்று இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டான். முப்பதில் ஒன்று. ஒரு சொல். யார் இவ்வளவு நுணுக்கமாக வாசிக்கப் போகிறார்கள்?

"சரி, சார்" என்றான். திரும்ப அடித்துக் கொடுத்தான்.

ஏப்ரலில் மசோதா அமெரிக்கக் கீழ்ச்சபையில் நிறைவேறியது. ஹாலிஸ் அலுவலகத்துக்குக் கேக் வாங்கி வந்தார். கணக்குப் பிரிவு ஆங்கிலேயர் ஒருவர் மட்டும், "பணக்காரக் கம்பனிகள் வாங்கிய வெற்றி" என்று முணுமுணுத்தார். "பணம் உறுப்பினரின் கதவைத் திறக்கும், உள்ளே அவனைப் பயப்படுத்துவது தபால்தான். இதோ, தபாலை எழுதியவன்" என்று ஹாலிஸ் ஆனந்தராசாவின் தோளில் தட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். தான் நம்பாத ஒன்று தன் கையால் நிறைவேறியிருக்கிறது என்று நினைத்தவன், கேக்கைத் தொடாமல் மேசையில் வைத்தான். அப்படியானால் மற்றதும் நிறைவேறும் அல்லவா என்று அடுத்த நொடியே ஆசையும் வந்தது.

ஒரு வாரம் கழித்து ஹாலிஸ் ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். "பார்த்தாயா! வேலை செய்கிறது!"

முப்பதில் ஒரேயொரு கடிதத்தைத்தான் ஓர் உறுப்பினரின் அலுவலகம் எடுத்து, தூதரகம் வழியாகக் கொழும்புக்கு அனுப்பியிருந்தது. நேராகப் பேசுகிற ஆளின் கடிதம்தான் மனதைத் தொட்டதாம். கொழும்பிலிருந்து வந்த பதில் இரண்டு பத்தி. முதல் பத்தியில், வயதான இந்த விவசாயியை விடுவிக்கப் பரிந்துரை செய்யப்பட்டிருக்கிறது. இரண்டாவது பத்தியில், துவக்கைக் கொண்டு சென்றவர்கள் அவருடைய புதல்வர்களே என்று அவருக்காக எழுதியவர்களே குறிப்பிட்டிருப்பதால், அப்புதல்வர்களின் விவரங்கள் சேகரிக்கப்படுகின்றன.

சிவகொழுந்தின் புதல்வர்கள் இரண்டு பேர். ஒருவன் துபாயில், இந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். மற்றவன் மகேசன், பதினெட்டு வயது, வெளியே விடாமல் வைத்திருக்கும் பிள்ளை.

"சார், இது பிழை. இதைத் திருத்த வேண்டும். அவருடைய பிள்ளைகள் எடுக்கவில்லை. இன்றைக்கே இன்னொரு முப்பது கடிதம் அடிக்கிறேன்."

"எடுக்கவில்லையா? நான் கேட்டபோது சரி என்றாயே?"

"சரி என்றேன், சார். தவறு."

ஹாலிஸ் கதிரையில் உட்கார்ந்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "ஆண்டி, கேள். சங்கத்துக்கு இருக்கும் ஒரே சொத்து, நாங்கள் எழுதினால் அவர்கள் நம்புவார்கள் என்பதுதான். முதலில் எழுதினது பொய் என்று நாங்களே இப்போது எழுதினால், அந்த அலுவலகம் எங்கள் கடிதத்தை இனித் திறக்காது. மடலும் அச்சாகிவிட்டது. உன் அப்பாவின் கதை மூன்றாம் பக்கம்."

"என்ர தம்பி, சார்" என்றான் ஆனந்தராசா. பாதி தமிழில் வந்துவிட்டது. ஹாலிஸுக்கு விளங்கவில்லை.

"உன் அப்பா வீட்டுக்கு வருகிறார்" என்றார் அவர் மெதுவாக. "அதைத்தானே நீ கேட்டாய்?"

அன்று மத்தியானமே தபாலகத்துக்கு ஓடி, மகேசனை உடனே யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பவும் என்று தந்தி கொடுத்தான். ஊரில் குளத்தடிக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குத் தொலைபேசி கேட்டான். லைன் இல்லை என்றார்கள். மறுநாளும் கேட்டான். அதற்கடுத்த நாள், இனிக் கேட்காதே தம்பி என்று கவுண்டர்க்காரனே இரக்கத்தோடு சொன்னான். ஊருக்குப் போக லீவு கேட்டான். பாஸ்போர்ட் கம்பனிப் பெட்டகத்தில் இருந்தது. விசாவுக்குப் பொறுப்பான அரபு முதலாளி, கபீல், வெளிநாட்டில்; அவர் கையெழுத்துக்கு மூன்று வாரம் ஆகும். அறையில் சோறு இறங்கவில்லை. அலாவுதீன் வற்புறுத்தி ஊட்டாத குறை.

"நான் பயத்தில சரி எண்டனா, இல்லாட்டி…" என்று அவரிடம் ஒருநாள் தொடங்கி நிறுத்தினான்.

"இல்லாட்டி என்னா?"

"எங்கட எண்டு என்ர விரல் ஏன் அடிச்சது நானா? திருடர் எண்டு அடிச்சிருக்கலாம். ஐயாவின்ர துவக்கைக் கொண்டு போனவையை எங்கட எண்டு எழுதினனான். ஒரு பெருமை இருந்திருக்கு உள்ளுக்குள்ள. அந்தச் சொல்லை அவர் வெட்டினவுடன மற்றது வந்திட்டுது."

அலாவுதீன் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

மே மாதம் அம்மாவின் கடிதம் வந்தது. ஐயா ஏப்ரல் கடைசியில் வந்துவிட்டார். இடது காதில் கேட்காது, மற்றப்படி நடக்கிறார். வந்த மூன்றாம் நாள் இராணுவம் வந்து மகேசனின் பெயரை ஒரு தாளில் பார்த்து வாசித்துக் கேட்டது. மகேசன் பின்பக்கத்தால் காட்டுக்குள் ஓடினான். இரண்டு நாள் கழித்து ஒருவன் சைக்கிளில் வந்து, தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். 'பொடியளோட போயிட்டான்' என்று எழுதியிருந்தாள் அம்மா. ஆனந்தராசாவின் தந்தி அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்திருந்தது.

கடைசிப் பத்தி ஐயா சொல்லச் சொல்ல அம்மா எழுதியது. "நீ இங்கிலீசில எழுதித்தான் என்னை விட்டவையாம். பெரியவர் ஒருத்தர் சொன்னவர். அமெரிக்காக்காரனே கேட்டவனாம். மெத்தச் சந்தோசம் மோனை. இப்ப பொடியளுக்கு ஒரு கடிதம் எழுது. வயசு போன தாய் தேப்பன், வயலுக்கு ஆளில்லை, பிள்ளையை அனுப்பிவிடுங்கோ எண்டு. அவை துவக்குக்குத் துண்டு தந்தவை. கடதாசிக்கு மதிப்புக் குடுக்கிற பிள்ளையள்." கீழே ஐயாவின் எழுத்தில் ஒரே ஒரு சொல்: சிவகொழுந்து.

ஐயாவுக்கு ஒன்றும் தெரியாது. தன்னை வெளியே கொண்டுவந்த கடிதமும், சின்னவனை வீட்டைவிட்டு ஓட்டிய கடிதமும் ஒன்றே என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அலாவுதீன் தொழுகை முடிந்து வரும்போது, ஆனந்தராசா கட்டிலில் குந்தி, பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்தில் அவன் தமிழில் எழுதும் முதல் விண்ணப்பம். காலையிலிருந்து ஏழு தாள் கிழித்திருந்தான். ஹாலிஸின் ஆட்களுக்கு எழுதும்போது யாருடைய பயத்தைத் தொட வேண்டும் என்று தெரியும். இவர்கள் யாருடைய வாக்குக்குப் பயப்படுகிறார்கள்? வயலுக்கு ஆளில்லாத ஒரு கிழவன் மறக்கமாட்டான் என்றால் இவர்களுக்கு என்ன? கடைசியில் கெஞ்சலாகவே எழுதினான். ஒரே தாள். தன் பெயரைப் போட்டான்.

"ஞாயித்துக்கெழம எங்க மச்சான் ஹபீப் முகம்மது மெட்ராஸ் போறாரு" என்றார் அலாவுதீன். "அங்க அவங்க ஆபீசு இருக்குன்னீகளே? அவரு கையோட கொண்டுபோய்க் குடுத்துடுவாரு. உறையில வச்சு பேர எழுதிக் குடுங்க."

ஆனந்தராசா உறையை எடுத்தான். பேனாவைத் திறந்தான். எழுதவில்லை.

"என்னா தம்பி?"

"நானா, ஒரு இயக்கம் இல்லை. அஞ்சாறு இருக்கு. எல்லாரும் பொடியள்தான்."

"அதுக்கு? தம்பி போன சங்கம் எதுன்னு உம்மா எழுதலையா?"

"எழுதேல்ல. துண்டு தந்தவையோ, வேற ஆக்களோ, ஊரில பிரிச்சுச் சொல்லுறேல்ல." அவன் அந்த வாரத்துப் பத்திரிகையைத் தள்ளினான். இயக்கத்தை இயக்கமே வீதியில் வைத்துச் சுடுகிறது என்று அதில் போட்டிருந்தது. இத்தனை நாளும் ஒரே பெயரில் அழைத்தவர்கள், இப்போது ஒருவர் ஆளை மற்றவர் வீடு வீடாகத் தேடுகிறார்களாம். "பிழையான ஆக்களின்ர கையில இது போனால், மகேசன் மற்றப் பக்கம் எண்டு நானே பெயரும் ஊரும் எழுதிக் குடுத்த மாதிரி."

அலாவுதீன் பக்கத்தில் உட்கார்ந்தார். தாளை எடுத்து, அதில் கிடந்த எழுத்தைப் பார்த்தார்; தமிழ் அவருக்கு நன்றாக வாசிக்க வரும். வாசித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அம்மாவுக்கு எழுதிக் கேளுங்களேன்."

"ஒரு மாசம் போகும் பதில் வர. ஹபீப் காக்கா ஞாயிறு போறார்."

"அப்ப அனுப்பவா, வேணாமா?"

வெளியே தொழுகை முடிந்த தெருவில் டாக்ஸிகள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. ஆனந்தராசா பேனா முனையை உறையின் மேல் வைத்தான். 'பெறுநர்' என்று எழுதினான். அதற்குக் கீழே, வருடக்கணக்காகப் பழகிய கை எழுதத் தயாராக நின்றது. எழுத ஒரு பெயர் அவனிடம் இல்லை.